பார்மசி கவுன்சிலுக்கு நம் மாவட்டத்திலிருந்து ஆள் தேடுவது எப்படி?

மருந்தாளுநர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் மாநில பார்மசி கவுன்சிலுக்குத் தேர்தல் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் என நம் பக்கத்து மருந்தாளுநர் சங்கங்களில் ஏறத்தாழ ஒரே மாதிரியாகக் கூட்டம் நடக்கிறது. தேநீர் வந்து முடிவதற்குள் யாரோ ஒருவர், "நம்ம தலைவரே நின்னுக்கட்டுமுங்க" என்கிறார், மற்றவர்கள் தலையசைக்கிறார்கள், தீர்மானம் எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தலைவர் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் கவுன்சில் இருக்கைக்கு அவர் பொருத்தமானவரா என்ற கேள்வியை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். சங்கத்தில் புதிதாகப் பொறுப்பேற்று, "நம்ம மாவட்டத்துலிருந்து ஒரு நல்ல ஆளாப் பாருங்க" என்ற வேலை ஒப்படைக்கப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அரசு மருத்துவமனை மருந்தகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இரண்டு முறை இப்படி ஆள் தேடும் குழுவிலும் இருந்திருக்கிறேன்.

எந்த இருக்கைக்கு ஆள் தேடுகிறோம்?

முதலில் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். மாநில பார்மசி கவுன்சிலை அமைப்பது 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம். அதன் 19-ஆவது பிரிவின்படி, பதிவுபெற்ற மருந்தாளுநர்கள் தங்களுக்குள்ளிருந்து 6 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மாநில அரசு 5 பேரை நியமிக்கிறது; அந்த 5 பேரில் குறைந்தது 3 பேர் மருந்தியலில் உரிய பட்டமோ பட்டயமோ பெற்றவர்களாக, அல்லது பதிவுபெற்ற மருந்தாளுநர்களாக இருக்க வேண்டும். இவர்களோடு மாநில மருத்துவ கவுன்சில் தேர்ந்தெடுத்து அனுப்பும் ஒருவரும், பதவிவழி உறுப்பினர்களாகச் சில அதிகாரிகளும் அமர்கிறார்கள். உறுப்பினர்களின் பதவிக்காலம் 5 ஆண்டுகள்.

ஆகவே வாசல்கள் இரண்டு. தேர்தல் வாசலில் நுழைய மாநிலம் முழுவதும் வாக்குக் கேட்டாக வேண்டும். நியமன வாசலுக்கு அரசின் பார்வை நம் ஆள்மீது பட வேண்டும். பல மாவட்டச் சங்கங்கள் இரண்டாவது வாசலை நினைத்துப் பார்ப்பதே இல்லை. மாநிலம் சுற்றி வாக்குக் கேட்க உடல்நிலையோ சூழ்நிலையோ இடம் தராத நல்ல ஆட்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பணி விவரத்தை ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல் தெளிவாக எழுதி, சங்கத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு உரிய காலத்தில் அனுப்பி வைப்பது செலவில்லாத வேலை.

மற்றத் தொழிலினர் இதைப் படித்தால், தங்களுக்கான சட்டம் வேறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மருத்துவர்களுக்கான மாநிலச் சட்டம் 1914-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. செவிலியருக்கும் மருத்துவச்சியருக்கும் உள்ளது 1926-ஆம் ஆண்டின் சட்டம். இயன்முறை மருத்துவர், ஆய்வக நுட்பர், கண்ணொளியியல் வல்லுநர் உள்ளிட்ட 10 பிரிவுகளுக்கு 2021-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அச்சட்டத்தின் மாநில கவுன்சிலுக்குத் தேர்தல் கிடையாது. அரசின் நியமனமே வழி. கீழே நான் சொல்லும் மற்றவை பெரும்பாலும் எல்லோருக்கும் பொருந்தும்.

சங்கம் நமக்காக, கவுன்சில் ஊருக்காக

சங்கம் நம்முடைய ஊதியம், பணியிடம், மரியாதை ஆகியவற்றுக்காகக் குரல் கொடுக்கிறது. கவுன்சில், மருந்து வாங்க வரும் மனிதர் ஏமாறாமல் இருப்பதற்காக நம்மைக் கண்காணிக்கிறது. யாரைப் பதிவேட்டில் சேர்ப்பது, யாரை நீக்குவது என்பதே அதன் தலையாய வேலை. இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்காமல் ஆள் தேடினால், நல்ல பேச்சாளரைக் கண்டுபிடிப்போமே தவிர நல்ல உறுப்பினரைக் கண்டுபிடிக்க மாட்டோம்.

உறுப்பினரின் மேசைக்கு வரக்கூடிய கோப்பு ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு மருந்துக்கடையின் சுவரில் ஒருவருடைய பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவர் வேறொரு ஊரில் வேறொரு வேலையில் இருக்கிறார்; மாதம் ஒரு தொகை அவர் கைக்கு வருகிறது. கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன். திருப்பூரில் இரவு ஷிப்ட் முடித்து வரும் பனியன் தொழிலாளி ஒருவர், மருத்துவரிடம் போக நேரமின்றி, எழுதிக் கொடுத்த பழைய சீட்டை அந்தப் பையனிடம் நீட்டுகிறார். மருத்துவரின் சீட்டுக்கு மருந்து கொடுக்கப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்கு மட்டுமே உரிமை உண்டு என்று பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவு சொல்கிறது. அவருடைய நேரடி மேற்பார்வை இல்லாமல் அப்படி மருந்து விற்கக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65-ஆவது விதியும் சொல்கிறது. சுவரில் தொங்கும் சான்றிதழ் மேற்பார்வை பார்க்காது.

இத்தகைய புகாரில் பார்மசி சட்டத்தின் 36-ஆவது பிரிவின்படி கவுன்சிலின் செயற்குழு விசாரிக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளித்த பிறகு, தொழிலுக்குத் தகாத நடத்தை என்று கண்டால் பெயரை நீக்க ஆணையிடலாம். அந்த ஆணையைக் கவுன்சில் உறுதி செய்ய வேண்டும். உறுதி செய்து 3 மாதம் கழிந்த பின்னரே அது நடைமுறைக்கு வரும். பாதிக்கப்பட்டவர் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஒரு மனிதரின் பிழைப்பைத் தொடும் காரியம் என்பதால்தான் சட்டம் இத்தனை படிகளை வைத்திருக்கிறது. அந்தச் சான்றிதழ்க்காரர் நம் சங்கத்துக்குத் தவறாமல் சந்தா கட்டுபவராக இருக்கலாம். நம் ஆளின் வகுப்புத் தோழராகவும் இருக்கலாம். அப்போதும் கோப்பைக் கடைசிப் பக்கம் வரை படித்து, தவறு என்றால் தவறு என்று கையெழுத்திட்டு, ஆதாரம் போதாது என்றால் ஊரே திட்டினாலும் விட்டுவிடக்கூடியவர் யாரோ, அவரைத்தான் நாம் தேடுகிறோம்.

யாரைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது

அப்படிப்பட்டவர்கள் மேடையில் அதிகம் தென்படுவதில்லை. வேலை செய்யும் இடத்தில்தான் அவர்களை அடையாளம் காண முடியும். ஒரு வட்ட மருத்துவமனையில் நான் பார்த்த மருந்தாளுநர் அம்மா ஒருவரைச் சொல்கிறேன். பிற்பகல் புறநோயாளிகள் பிரிவில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒரு குழந்தைக்கான சீட்டில் மருந்தின் அளவு சரியாகத் தெரியவில்லை. "என்னம்மணி, இவ்வளவு நேரம்?" என்று வரிசையில் சத்தம் எழுந்தது. அவர் குழந்தையின் எடையைத் தாயிடம் கேட்டு, கணக்குப் போட்டுப் பார்த்து, சீட்டு எழுதிய மருத்துவரை உள்தொலைபேசியில் அழைத்து அளவைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே மருந்தை எடுத்தார். பின்பு, நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றில் தேதி, சீட்டு எண், கேட்ட கேள்வி, கிடைத்த பதில் என நான்கு வரி எழுதினார். அந்த நோட்டில் அப்படி எத்தனையோ பக்கங்கள் நிறைந்திருந்தன. மருத்துவர் மேல் குறை சொல்ல அல்ல, நாளைக்கு யாராவது கேட்டால் நினைவிலிருந்து சொல்லக் கூடாது என்பதற்காக எழுதுவதாகச் சொன்னார். கவுன்சில் உறுப்பினருக்கு வேண்டிய குணம் முழுவதும் அந்த நோட்டில் இருந்தது.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்லும் முறை எளிது. மாவட்டத்தின் ஒவ்வொரு வட்டத்திலும் இரண்டு பேரிடம், "உங்களுக்கு ஒரு மருந்தில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பீர்கள்?" என்று கேளுங்கள். தலைவர் யார், பிரபலம் யார் என்று கேட்க வேண்டாம். பத்துப் பதினைந்து பேரிடம் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்களிலிருந்து பட்டியலைத் தொடங்குங்கள்.

தேடும் எல்லையை விரித்துக்கொள்வதும் தேவை. கோவை அவிநாசி சாலையை ஒட்டிய பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடாமல் அந்தியூர், தாராபுரம், ராசிபுரம், அரவக்குறிச்சி என்று போய்ப் பாருங்கள். பர்கூர் மலை, கடம்பூர் மலை ஊர்களுக்கான ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவர்களுக்கு, மருந்து இல்லாமல் போனால் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பது கண்ணால் பார்த்த விஷயம். குமாரபாளையம், நாமக்கல், ஊட்டி போன்ற ஊர்களின் மருந்தியல் கல்லூரிகளில் பாடம் நடத்துவோரும் உண்டு; சட்டத்தை வரிக்கு வரி படிக்கும் பழக்கம் அவர்களுக்கு இருக்கும். ஆனால் கல்லூரிகளைப் பற்றிய விஷயங்கள் கவுன்சிலுக்கு வரும்போது அவர்கள் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். பட்டியலில் பெண்கள் பாதியாவது இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மருந்து வழங்கும் சாளரங்களில் பெண்களும் நேர்காணல் அறைகளில் ஆண்களுமாக இருப்பதை நெடுநாள் பார்த்துவிட்டேன்.

பதிவேட்டில் பெயர் சரியாக இருக்கிறதா?

இது சிறிய வேலைதான். ஆனால் இதில் கோட்டைவிட்டவர்கள் உண்டு. பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, முகவரி இப்போதையதா, பெயரின் எழுத்துகளும் தலைப்பெழுத்தும் ஆதாரில் உள்ளது போலவே இருக்கின்றனவா என்று ஆளிடம் பேசுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அரசுப் பணியில் இருப்பவர் என்றால் துறையின் அனுமதியை எழுத்தில் பெற வேண்டும். அதற்கு வாரங்கள் பிடிக்கும் என்பதால் கடைசி நாளில் ஓடக் கூடாது.

நேரில் போய்க் கேளுங்கள்

இந்த விஷயத்தை வாட்ஸ்அப்பில் கேட்காதீர்கள். இரண்டு பேர் நேரில் போங்கள்; ஒருவர் அவருக்கு முன்பே அறிமுகமானவராக இருக்கட்டும். கடை வைத்திருப்பவர் என்றால் மாலை ஆறு மணிக்கு மேல் போகவே கூடாது. மதியம் இரண்டிலிருந்து நான்குக்குள் கூட்டம் குறைந்திருக்கும். கோபி பக்கம் ஒருவரைப் பார்க்கப் போனபோது நடந்த பேச்சு இது:

"ஏனுங்கண்ணா, நமக்கெதுக்குங்க அந்தப் பொல்லாப்பு? நாளைக்கே எவனோ ஒருத்தன் சான்றிதழ் போச்சுன்னு வாசல்ல வந்து நிப்பானுங்க."

"நிப்பாங்கதானுங்க. அப்ப நீங்க என்ன சொல்லுவீங்க?"

அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "விசாரணைல சொல்ல வேண்டியத இங்க சொல்லாதப்பா, தண்ணி குடிச்சுட்டுப் போன்னு சொல்லுவேனுங்க" என்றார். எங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான் என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. அவருடைய அச்சம் உண்மையானது. அதை நாங்கள் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் அவர் நம்பியிருக்கவும் மாட்டார்.

கேட்கும்போது செலவையும் சிரமத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். கூட்டங்கள் சென்னையில் நடக்கின்றன. ஈரோட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர், கோவையிலிருந்து 500 கிலோமீட்டர். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸிலோ சேரன் எக்ஸ்பிரஸிலோ ஏறி, காலையில் முகம் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் போய், மறுபடியும் இரவு ரயிலில் திரும்பினால், ஒரு கூட்டத்துக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் போய்விடும். வீட்டில் உட்கார்ந்து கோப்புகளைப் படிக்கும் நேரம் தனி. போதிய காரணமின்றித் தொடர்ந்து 3 கூட்டங்களுக்கு வராவிட்டால் இருக்கை காலியானதாகக் கருதப்படும் என்று சட்டமே சொல்கிறது. இதையெல்லாம் வீட்டுக்காரரோ வீட்டுக்கார அம்மாவோ கூட இருக்கும்போது சொல்வது நல்லது. யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள். அந்த இடத்திலேயே "சரி" வாங்கிவிட்டுத்தான் எழுவோம் என்று உட்காராதீர்கள்.

நம் பக்கத்தில் ஒருவரைச் சம்மதிக்க வைக்க எளிதான வழி ஒன்று உண்டு. பங்காளி, மாமன் மச்சான், ஒரே குலக்கோயில் என்று உறவைச் சொல்லிக் கேட்டால் பலரால் மறுக்க முடியாது. அந்த வழியில் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உறவைச் சொல்லி உட்கார வைத்தவரிடம், உறவைச் சொல்லியே நாளைக்கு ஒரு கோப்பை மூடச் சொல்லவும் ஆள் வருவார்கள்; முதல் நாளே அந்தக் கதவைத் திறந்து விட்டவர்கள் நாமாக இருப்போம். அவருடைய வேலையைப் பார்த்துத்தான் வந்தோம் என்று சொல்லுங்கள். எதைப் பார்த்தோம் என்பதையும் சொல்லுங்கள். அந்த நீல நோட்டைப் பற்றி அந்த அம்மாவிடம் சொன்னபோது, "அதையெல்லாமா பாத்தீங்க?" என்று அவர் கேட்டதும் உடனே நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டதும் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

வேட்புமனுவுக்கு முன் ஒரு தாள்

சம்மதித்தவரிடம் ஒரு வெள்ளைத்தாளில் சில விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கோ குடும்பத்தாருக்கோ மருந்துக்கடை, மொத்த விற்பனை நிறுவனம், கல்லூரி ஆகியவற்றில் பங்கு இருக்கிறதா. மருந்து நிறுவனம் எதிலிருந்தாவது பணம் வருகிறதா. அவர்மீது முன்பு புகார் ஏதும் வந்திருக்கிறதா என்பவையே அவை. பங்கு இருப்பதே குற்றம் ஆகாது; கடை வைத்திருப்பவர்களும் கவுன்சிலில் இருக்க வேண்டியவர்களே. அந்தப் பங்கு தொடர்பான விஷயம் வரும்போது அறையை விட்டு எழுந்து போவேன் என்று அவர் முன்கூட்டியே எழுதித் தருவதுதான் வேண்டியது. மருத்துவத் துறையில் 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஆணைய உறுப்பினர்கள் தங்கள் சொத்து, தொழில் தொடர்புகளை அறிவிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. நம்மைக் கட்டாயப்படுத்தும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

வாக்குக் கேட்பது

முன்மொழிபவர், வழிமொழிபவர், மனுவின் கடைசி நாள் போன்றவற்றைத் தேர்தல் அறிவிப்பில் உள்ளபடியே செய்யுங்கள். பழைய தேர்தலின் நினைவை நம்ப வேண்டாம். 6 இடங்களுக்கான போட்டி என்பதால் மற்ற மாவட்டங்களோடு பேசி ஒத்துப் போவதில் தவறில்லை. ஆனால் ஒரு செயலை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் செய்யாதீர்கள். வாக்குச்சீட்டு அஞ்சலில் வந்த ஒரு தேர்தலில், எங்களுக்குத் தெரிந்த ஒரு தரப்பினர் கடை கடையாகப் போய், பிரிக்காத உறைகளைப் பையில் வாங்கிக்கொண்டு போனார்கள். "நாங்களே போட்டுக்கறமுங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றார்கள். எங்கள் ஆட்களும் நாலைந்து பேர் கொடுத்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மருந்துச் சீட்டில் இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் நாம் மருந்து கொடுப்போமா? வாக்குச்சீட்டை உரியவரே பிரித்து, உரியவரே குறியிட்டு, உரியவரே அஞ்சலில் சேர்க்க வேண்டும். இதை நம் வேட்பாளர் ஒவ்வொரு கூட்டத்திலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதனால் தோற்றாலும் தோற்றதாக இருக்கட்டும்.

அவர் போன பிறகு கடையை யார் பார்ப்பது?

வென்றதும் மாலை போட்டுவிட்டுக் கலைந்துவிடுவது சங்கங்களின் வழக்கம். நம் வேலையில் பாதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. முதல் ஆறு மாதம் அவர் பேசுவதைவிடப் படிப்பது முக்கியம்: சட்டம், விதிகள், 2015-ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள், பழைய கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள். சங்கத்தார் யாரும் நடப்பிலுள்ள புகாரைப் பற்றி அவரிடம் தொலைபேசியில் கேட்கக் கூடாது என்று தீர்மானமே போட்டுவிடுங்கள். சங்கத்தில் அவர் வகிக்கும் பொறுப்பிலிருந்தும் விலகச் செய்யுங்கள்.

இனிச் சொல்வதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். தனிக்கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் ஒருவர் கூட்டத்துக்காகச் சென்னைக்குப் போகும் நாளில், அவருடைய கடையில் பதிவுபெற்ற மருந்தாளுநர் யாரும் இருக்கமாட்டார். மருந்தாளுநர் இல்லாத கடைகளைப் பற்றி விசாரிக்கப் போனவரின் கடையே அன்று அப்படி இருந்தால் அந்த உறுப்பினரின் சொல்லுக்கு என்ன மதிப்பு இருக்கும்? கடையை அடைத்துவிட்டுப் போகலாம் என்றால், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் அவரிடமே வாங்கும் வயதானவர்கள் அலைய வேண்டியிருக்கும், வருமானமும் போகும். தனிக்கடைக்காரர்கள் கவுன்சிலுக்கு வரத் தயங்குவதற்கு இது பெரிய காரணம் என்பது என் அனுபவம்.

நாங்கள் செய்த ஏற்பாடு எளியது. பணி ஓய்வு பெற்று, பதிவை உயிரோடு வைத்திருக்கும் மருந்தாளுநர்கள் நான்கு பேரிடம் முன்கூட்டியே பேசினோம். கூட்டத் தேதி வந்ததும் அவர்களில் ஒருவர் முதல் நாள் மாலையே கடைக்கு வந்துவிடுவார். அன்றைய கூலியைச் சங்கம் கொடுக்கும். மருந்துகள் எந்த அலமாரியில் இருக்கின்றன, குளிர்பெட்டியில் இன்சுலின் எந்தத் தட்டில் இருக்கிறது, எந்த வாடிக்கையாளருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று கடைக்காரர் ஒரு மணி நேரம் காட்டிக்கொடுப்பார். பிறகு கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் நோட்டில் வந்தவரின் பெயர், பதிவு எண், பொறுப்பேற்ற நேரம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுவார்கள். சுவரில் உள்ள சான்றிதழுக்குக் கீழே வந்தவரின் சான்றிதழ் நகலையும் ஒட்டிவிட்டு, கடைக்காரர் பையை எடுத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்புவார்.